பின்வீட்டுக்குப் போற வயசு

குருக்கள்மடம்
12.02.1998

கண்ணகைக்கு,

சுகம் விசாரிக்கிற கடிதம் இல்ல இது. அந்த மனநிலையில நான் இல்ல.

நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு வாறன், நம்மட கடப்படியில ஒரு ஓட்டோ நிக்குது. வளவுக்குள்ள மூணு பேர். ஒரு வயசான பொம்பிளை, அவட தம்பியாம் ஒருத்தர், இன்னொரு ஆள் கையில அளவு நாடாவோட. நம்மட மண்டபத்தை நீளம் அகலம் பார்க்கிறார். ஆர் நீங்க எண்டு கேட்டன். அந்தப் பொம்பிளை என்னை மேலயும் கீழயும் பார்த்துப்போட்டு, "நீங்கதானே தயாளினிட பெரியம்மா?" எண்டா. ஓம் எண்டன். "நாங்க பெரியகல்லாறு. மாப்பிள்ளைட ஆக்கள். வீட்டை ஒருக்காப் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தம்" எண்டா.

மறுகா கிணத்தில வாளியை விட்டுத் தண்ணி அள்ளிக் குடிச்சுப் பார்த்தா. கொஞ்சம் கரிக்குதாம், பரவாயில்லயாம், பழகிருமாம். போகக்குள்ள என்ட தோளில தட்டிச் சொல்றா: "நீங்க தனி ஆள்தானே ரீச்சர். பின்னுக்கு ஒரு குடிலைப் போட்டா உங்களுக்குக் காணும்."

எனக்குக் காணுமாம்! அவ ஆர் அதைச் சொல்ல? நீ ஆர் அவவுக்கு அதைச் சொல்லிக் குடுக்க?

மகளுக்குக் கலியாணம் எண்டா வீட்டை மகளுக்குக் குடுத்திட்டுத் தாயும் தகப்பனும் பின்வீட்டுக்குப் போறது நம்மட பக்கத்து வழமை. எனக்குத் தெரியாதா? நம்மட அம்மா இந்த வீட்டை என்ட பேரில எழுதினது எனக்குப் பத்தொன்பது வயசில. என்ட கலியாணத்துக்கு. அந்தக் கலியாணம்தான் நடக்கல்ல. முன்வீட்டில ஒரு நாளாவது கலியாணப் பொம்பிளையா இருந்திட்டல்லவா, கண்ணகை, ஒருத்தி பின்வீட்டுக்குப் போவாள்?

என்னட்ட ஒரு வார்த்தை கேக்காம என்ட வீட்டை உன்ட மகளுக்குச் சீதனம் பேசின நியாயத்தை எழுது.

சீதேவிப்பிள்ளை

அம்பிளாந்துறை
17.02.1998

அன்பான அக்காவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது. அந்தக் கிழவி ஆச்சிப்பிள்ளை, மாப்பிள்ளைட தாய், இப்பிடிக் குறுக்கால வந்து நிப்பா எண்டு எனக்குத் தெரியா. வாற மாதம்தான் வந்து பார்க்கச் சொன்ன நான். அதுக்குள்ள நான் உங்களுக்கு எழுதி, உங்கட மனசைக் கேட்டு எல்லாம் செய்யலாம் எண்டு இருந்தன். ஆத்தைக் கடக்கிற பாதைப் படகு ஓடாம எட்டு நாள். இஞ்சால துறையில நிண்டா உங்கட கோயில் மரம் தெரியுது, ஒரு கடதாசி குடுக்க ஏலாமக் கிடக்கு.

ஓம் அக்கா, நான்தான் வாக்குக் குடுத்தன். பிழைதான். ஆனா நான் நினைச்சது என்னெண்டா, உங்களுக்குப் பிறகு அந்த வீடு தயாவுக்குத்தானே. உங்களுக்கு மகள் எண்டா அவள்தானே. முந்தி வந்தா என்ன பிந்தி வந்தா என்ன எண்டு நினைச்சிட்டன். எங்கட இந்த வீட்டுக் கூரையில போன மாரிக்கு விழுந்த ஷெல் ஓட்டை அப்பிடியே இருக்கு, இதைச் சீதனம் எண்டு சொன்னா ஆர் வருவான்?

பொடியன் நல்லவன். பேர் யோகராசா. இருபத்தாறு வயசு, தோணி எஞ்சின் திருத்துறவன். குடியில்ல. தாய்வழியும் நம்மட குடி இல்ல, வேற குடிதான், கட்டலாம், விசாரிச்சிட்டம்.

ஏன் இவ்வளவு அவசரம் எண்டு கேப்பீங்க. காரணம் இருக்கு. கடதாசியில எழுதேலாது. இஞ்சால பக்கமும் வாசிப்பாங்க, அங்கால பக்கமும் வாசிப்பாங்க.

கோவிக்காதீங்க, ஒண்டு சொல்றன். உங்களுக்கு இப்ப நாப்பத்திரண்டு. இனி என்னத்துக்கு அக்கா உங்களுக்கு மூணு அறை?

செவலை கண்டு போட்டிருக்கு. கிடாரிக் கண்டு. உங்கட மச்சான் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னார்.

தங்கச்சி
கண்ணகை

குருக்கள்மடம்
21.02.1998

கண்ணகை,

நாப்பத்திரண்டு எண்டு நீ எழுதின இடத்தைப் பத்துத் தரம் வாசிச்சன்.

எனக்கு இருபத்தாறு வயசில அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அதே மாதம் எனக்குப் பேசி வச்ச ஆள் காத்திருக்க மாட்டன் எண்டு வேற இடத்தில கட்டினார். நீ அதுக்கு முன்னமே கட்டிக்கொண்டு ஆத்துக்கு அங்கால போயிட்டாய். பதிமூணு வருசம் நான் அம்மாவைத் தூக்கி இருத்தி, கழுவித் துடைச்சு, கஞ்சி பருக்கி, பள்ளிக்கூடத்துக்கு ஓடி, ஓடி வந்தன். அம்மா போன அண்டைக்கு எனக்கு முப்பத்தொன்பது. நான் கண்ணாடி பார்த்தது அண்டைக்குத்தான். நீ இப்ப வயசைக் கணக்குப் பார்த்துச் சொல்றாய்.

சரி, நீ கேக்காத ஒரு விசயத்தையும் சொல்லிப்போடுறன்.

நான் சனிக்கிழமைகளில புளியந்தீவுக்குப் போய் ஆசிரியர் பயிற்சிப் பாடநெறி படிக்கிறது உனக்குத் தெரியும்தானே. அதில கல்வி உளவியல் எண்டு ஒரு பாடம். மனுசருக்கு எட்டுப் பருவமாம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை, ஒரு சண்டை. கைக்குழந்தைக்கு ஆளை நம்புறதா விடுறதா எண்ட சண்டை. பதினெட்டு வயசில நான் ஆர் எண்ட சண்டை. இப்பிடியே போய்க் கடைசிப் பருவத்தில, நான் வாழ்ந்தது சரியா பிழையா எண்டு பார்க்கிறது. எங்களுக்குத் தந்த அச்சடிச்ச குறிப்பில ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு ஏழாம் பருவம் இருந்தது. ஆறைக் காணல்ல. நான் விடுவனா? அச்சுக்கூடத்துக்கே போயிட்டன் சண்டைக்கு.

அங்க எழுத்துக் கோக்கிறவர் ஒருத்தர், அழகரத்தினம் எண்டு பேர். கையெல்லாம் மை. "தாள் தட்டுப்பாடு ரீச்சர், ஒரு பக்கத்தைக் குறைக்கச் சொன்னாங்க, எந்தப் பக்கம் எண்டு நான் பார்க்கல்ல" எண்டார். பார்க்காமக் குறைக்கிறதோ எண்டு ஏசிப்போட்டு வந்தன். அடுத்த சனி அந்த மனுசன் விடுபட்ட பக்கத்தைத் தனியா அடிச்சு, அறுபது பேருக்கும் அறுபது தாள் கொண்டு வந்து வாசலில நிண்டு குடுத்தார். தாளைத் திருப்பிப் பார்த்தா ஆரோ ஒருத்தர்ட முப்பத்தோராம் நாள் அழைப்பு. மிஞ்சின மரண அறிவித்தலில அடிச்சிருக்கார். எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போச்சு. அவரும் சிரிச்சார்.

ஆறாம் பருவம் என்னெண்டா, ஒருத்தரோட மனசு ஒட்டி வாழுறதா, தனிச்சுப் போறதா எண்ட சண்டை. இருபதுக்கும் நாப்பதுக்கும் நடுவில வரவேணுமாம். எனக்கு அந்த நேரத்தில அம்மாட மலப் பேசின் கழுவுற வேலை இருந்தது.

அவர் தாரம் இழந்தவர். நாப்பத்தெட்டு வயசு. பிள்ளை இல்ல. ஒரு வருசமாப் பறைஞ்சு பழகினம். ஆவணியில கலியாணம் எழுதுறது எண்டு முடிவு. உனக்கு நேரில சொல்லி உன்ட முகத்தைப் பார்க்கவேணும் எண்டுதான் பொத்தி வச்சிருந்தன். இப்ப நீ கடதாசியில வாசி.

அதால வீடு தரமாட்டன். மூணு அறையும் எனக்கு வேணும்.

அக்கா

அம்பிளாந்துறை
02.03.1998

அக்கா,

இந்தக் கடிதத்தைச் சங்கக்கடை மனேஜர் மடிக்குள்ள வச்சுக் கொண்டு வாறார். தபாலில இல்ல. அதால திறந்து எழுதுறன்.

முதல்ல உங்கட விசயம். வாசிச்சதும் நான் சத்தமாச் சிரிச்சன், மறுகா அடுப்படியில இருந்து அழுதன். சந்தோசத்தில அக்கா, உண்மையாச் சந்தோசத்தில. பேசின் கழுவினதையும் எழுதினீங்க. அதை நான் மறக்கல்ல. பெருநாள் திருநாளுக்கு ஒரு கொத்துப் பச்சை அரிசியோட வந்து அம்மாட கட்டிலில ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டுப் போற மகளா நான் இருந்தன். எனக்குத் தெரியும்.

இப்ப என்ட விசயம். தை மாதம் இஞ்ச இயக்கத்து ஆக்கள் வந்தாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் எண்டு கேக்கிறாங்க. கொப்பியில எழுதிக்கொண்டு போனாங்க. தயாளினி, பதினெட்டு வயசு, உயர்தரம் படிக்கிறவள் எண்டு. எங்களுக்கு ஒரே பிள்ளை எண்டு உங்கட மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பிள்ளை எண்டாலும் ஒரு வீடுதானே எண்டான் ஒருத்தன். பங்குனி கடைசி வரைக்கும் தவணை. எங்கட ஒழுங்கையில இருந்து ரெண்டு பிள்ளைகள் போயிட்டுதுகள். ஒருத்திட சட்டை மட்டும் கொடியில நாலு நாள் கிடந்தது, தாய் எடுக்க மாட்டன் எண்டுட்டா.

கட்டினவளை எடுக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அக்கா கலியாணம். அதுக்குத்தான் ஆத்துக்கு உங்கட பக்கத்து மாப்பிள்ளை. அவங்களுக்கு அந்தப் பக்கத்தில வீடு வேணும். என்னட்ட இல்ல. உங்கட்ட இருந்தது.

நான் சாப்பிட்டு எத்தனை நாள் எண்டு எனக்கே தெரியல்ல. நாய் குரைச்சா எழும்பி ஓடுறன். பகலில வட்டை வயலுக்குப் போனாலும் அரைவாசியில கிறுகி வீட்டுக்கு ஓடி வந்து அவள் இருக்கிறாளா எண்டு பார்க்கிறன்.

உங்கட மூணு அறை பற்றி எழுதினதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா நான் கேட்டதை நான் திருப்பி எடுக்கல்ல.

கண்ணகை

குருக்கள்மடம்
03.03.1998

கண்ணகை,

மனேஜர் வெளியில நிக்கிறார், அவசரத்தில எழுதுறன்.

கலியாணம் என்னத்துக்கு? பிள்ளையை என்னட்ட அனுப்பு. இண்டைக்கே அனுப்பு. இஞ்ச இருந்து படிக்கட்டும், நானே படிப்பிக்கிறன். என்ட அறையைக் குடுக்கிறன். கலியாணம் இல்லாமலே அவளைக் காப்பாத்தலாம். ஏன் இதை முதல்லயே எழுதல்ல நீ? கடதாசியில எழுதேலாது எண்டு ஒரு வரி எழுதிப்போட்டு மாட்டுக்கண்டைப் பற்றி எழுதினாயே விசரி! நான் என்னடா எண்டா என்ட ஆறாம் பருவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறன்.

அனுப்பு. நான் துறையில வந்து நிக்கிறன்.

அக்கா

அம்பிளாந்துறை
09.03.1998

அன்பான அக்காவுக்கு,

அனுப்ப ஏலுமெண்டா போன மாதமே அனுப்பியிருப்பன். கொப்பியில பேர் இருக்கிற குமர்ப்பிள்ளைக்கு ஆத்தைக் கடக்கப் பாஸ் குடுக்க மாட்டாங்க. ஆசுபத்திரிக்குக் கூட இல்ல. கலியாணத்துக்கு மட்டும் குடுக்கிறாங்க, அதுவும் மாப்பிள்ளை வீட்டார்ட கடிதமும் நாளும் நேரமும் காட்டினால்தான். அதுக்கும் தாய் கையெழுத்து வைக்கணும். கட்டி முடிச்சு ஒரு மாதத்துக்குள்ள மாப்பிள்ளையோட கூட்டிவந்து காட்டுவன் எண்டு. கையெழுத்து வச்ச தாய் இஞ்சால பக்கமே நிக்கணும்.

திரும்பி வந்தா மறுகா விடுவாங்களோ தெரியா, அதால அவளைக் கூட்டிவர மாட்டன். அது பெரிய விசயமில்ல, பிறகு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். தயாவுக்கு இதை நான் சொல்லல்ல. நீங்களும் சொல்லவேணாம்.

அவளோட பெரிய சண்டை. உங்கட கலியாண விசயத்தை நான் வாய் தவறிச் சொல்லிட்டன். துள்ளிக் குதிச்சாள். "பெரியம்மாவுக்கு நாப்பத்திரண்டு வயசில தான் விரும்பினவரைக் கட்டலாம், எனக்குப் பதினெட்டு வயசில நீங்க பிடிச்சுத் தாறவனைக் கட்டணுமோ? பெரியம்மாட வீட்டையும் பறிச்சுத்தானோ எனக்குக் கலியாணம்?" எண்டு கேட்டாள். வாயைப் பொத்தடி எண்டன். "உங்களுக்கு இவ்வளவு பயமெண்டா நானே போய் அவங்களோட சேர்ந்திருறன், ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல" எண்டாள். அக்கா, நான் கை நீட்டிட்டன். பதினெட்டு வருசத்தில முதல் தரம்.

மூணு நாளாப் பேச்சில்ல. சும்மா மிரட்டுறாளோ உண்மையாச் சொல்றாளோ எண்டு தெரியல்ல. அவளுக்கே தெரியாது போல.

உங்கட கொப்பியில பதினெட்டு வயசுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க.

கண்ணகை

குருக்கள்மடம்
19.03.1998

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்து நாள் பதில் எழுதாம விட்டதுக்குக் கோவிக்காத. முதல் மூணு நாளும் நான் வீட்டுக்குள்ளயே நடந்துகொண்டு திரிஞ்சன். ஒரு அறையில இருந்து மற்ற அறைக்கு. கதிரையில இருக்க ஏலல்ல. உன்னிலயும் கோவம், அந்தக் கொப்பிக்காரரிலயும் கோவம், செத்துப்போன அம்மாவிலயும் கோவம். ஏன் எனக்கு மட்டும் எப்பவும் என்ட நேரம் வரக்குள்ள இன்னொருத்தருக்கு உயிர் போற அவசரம் வருது? இதை நான் உன்னட்டச் சொல்லக்கூடாது. ஆனா ஆரிட்டச் சொல்ல?

பதினெட்டு வயசுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு கேட்டாய். நான் ஆர், எனக்கு என்ன வேணும் எண்டு தானே தேடிக் கண்டுபிடிக்கிற வயசாம். நாலு பேர் நாலு பக்கத்தில இருந்து பதில் சொல்லிக் குடுத்தா பிள்ளை எதையாவது உடைச்சுப்போட்டு ஓடுமாம். சோதினைக்கு இதை மனப்பாடமா எழுதி எழுபத்திரண்டு மாக்ஸ் எடுத்தவள் நான். தயாட மனசில என்ன எண்டு உன்னட்ட ஒரு வரி கேக்கல்ல பார்.

நாலாம் நாள் நானே பஸ் ஏறிப் பெரியகல்லாத்துக்குப் போனன். ஆச்சிப்பிள்ளை என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டா. நான் இருக்கல்ல. பொடியனைக் கூப்பிடுங்க எண்டன். எஞ்சின் எண்ணெய்க் கையோட வந்து நிண்டான். "தம்பி, உனக்கு வீடு வேணுமோ பொம்பிளை வேணுமோ?" எண்டு கேட்டன். அவன் தாயைப் பார்த்தான். "அங்க பார்க்காத, என்னைப் பார்" எண்டன். "வீடு அம்மா கேட்டது ரீச்சர். எனக்கு அந்தப் பிள்ளைட நிலைமை தெரியும். வீடு இல்லாட்டியும் கட்டுவன்" எண்டான். தாய்க்காரி குறுக்கால விழுந்தா. வீடில்லாத இடத்துக்கு மாப்பிள்ளை போன கதை ஊரில உண்டோ எண்டு கேட்டா. அவ சொல்றதும் சரிதான், ஆம்பிளை பொம்பிளை வீட்டுக்குப் போறதுதானே நம்மட முறை. வீடில்லாட்டி அவன் எங்க போய் இருப்பான்?

வீடு தாறன் எண்டன். வாயால வந்திட்டுது. சொன்ன பிறகு வாயை மூடியிருக்கலாம் எண்டு இருந்தது, பொய் சொல்ல மாட்டன். ஆனா மூணு பேச்சு வச்சன். தயா ஆவணியில உயர்தரம் எழுதவேணும், வெளிவாரியா. நான் படிப்பிப்பன், ஒருத்தரும் மறிக்கக்கூடாது. சோதினை முடியுமட்டும் பிள்ளைகுட்டிப் பேச்சு இல்ல. அவளுக்கு மனசு வருமட்டும் தம்பி மண்டபத்தில படுக்கவேணும். அவன் காது வரைக்கும் சிவந்துபோனான். "நான் எட்டாம் வகுப்பு ரீச்சர். பொண்டாட்டி படிச்சா எனக்கென்ன குறைஞ்சு போகுது" எண்டான். எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. இதெல்லாத்தையும் ஒண்டுவிடாமத் தயாவுக்குச் சொல்லு. சொல்லிப்போட்டு, உனக்குச் சம்மதமோ எண்டு கேள். கேக்காம அனுப்பாத.

இப்ப ஒரு சிக்கல். நீ வர ஏலாது. மாப்பிள்ளையை வாசலில ஆலாத்தி எடுத்து உள்ள கூப்பிடுறது பொம்பிளைட தாய். தாய் இல்லாட்டி பெரியம்மா. ஆனா கழுத்தில தாலி இல்லாத பெரியம்மா வாசலில நிக்கக்கூடாது எண்டு ஆச்சிப்பிள்ளை இப்பவே சொல்லிப்போட்டா. என்ட வீட்டு வாசலில, என்ட மகள்ட கலியாணத்தில நான் நிக்கக்கூடாதாம். ஒரு அந்நியப் பொம்பிளையைப் பிடிச்சு நிப்பாட்டச் சொல்றா.

சனிக்கிழமை அழகரத்தினத்துக்குச் சொன்னன். வீடும் போகுது, ஆவணி வரைக்கும் காத்திருக்கவும் ஏலாது, உங்களுக்கு மனமில்லாட்டி இப்பவே சொல்லுங்க எண்டு. அந்த மனுசன் தாளில கை துடைச்சுக்கொண்டு, "பின்வீடு எண்டா எத்தனை அடி வரும் ரீச்சர்? என்ட புத்தகப் பெட்டி ரெண்டு இருக்கு" எண்டார். அவ்வளவுதான் கேட்டார்.

தயாட நாளுக்கு முதல்நாள் எங்களுக்குக் கோயிலில தாலி. ஒரு நாள் முன்வீட்டில பொம்பிளை. அடுத்த நாள் பின்வீட்டில மாமியார். இப்பிடி ஒருத்தி மட்டக்களப்பில இருந்திருக்க மாட்டாள்.

அக்கா

அம்பிளாந்துறை
30.03.1998

அக்கா,

நாளைக்குக் காலமைப் பாதையில அவள் வாறாள். தகப்பனும் கூட வாறார், அவருக்கு மூணு நாள் பாஸ். என்ட கையெழுத்து வச்சாச்சு.

நீங்க சொன்ன மாதிரிக் கேட்டன். சம்மதமோ மனே எண்டு. "மண்டபத்தில படுக்கிறது எண்டு அவர் ஒத்துக்கொண்டது உண்மையோ?" எண்டு கேட்டாள். உண்மைதான் எண்டன். "அப்ப போறன்" எண்டாள். புத்தகங்களை மட்டும் எடுத்து உறையில கட்டினாள். கூறைப் புடவையோட போட அம்மாட பதக்கத்தைக் குடுத்தன், அது பெரியம்மாவுக்கு எண்டு சொல்லி வச்சிருக்கிறாள். நீங்க போடுங்க. உங்களுக்கும் கலியாணம்தானே.

அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. மாதவிடாய்க்குச் சரியான வயித்துக்குத்து வரும், கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க. ஆத்திரத்தில கத்துவாள், ஒரு மணித்தியாலம் விட்டா தானே வந்து மடியில படுப்பாள். அந்த ஒரு மணித்தியாலம் நீங்களும் கத்தாதீங்க.

உங்கட கழுத்தில தாலி ஏறக்குள்ள நான் பக்கத்தில நிக்க இல்லயே அக்கா.

கண்ணகை

குருக்கள்மடம்
06.04.1998

என்ட தங்கச்சி கண்ணகைக்கு,

எல்லாம் நடந்திட்டுது. மூச்சு விடு.

செவ்வாய் பின்னேரம் நானும் அவரும். பன்னிரண்டு பேர். தாலி கட்டக்குள்ள ஆத்துக்கு அங்கால எங்கயோ ஷெல் விழுந்த சத்தம். ஐயர் மந்திரத்தை விட்டிட்டு அங்கால பார்த்தார், என்ட ஆள் நிப்பாட்டல்ல, மூணாம் முடிச்சையும் போட்டிட்டார். எனக்கு உன்ட பக்கம் விழுந்ததோ எண்ட பதைப்பு. தாலிட பாரமே தெரியல்ல. மச்சான் துறையில வந்த ஆக்களிட்ட விசாரிச்சு நீ சுகமெண்டு சொன்ன பிறகுதான் தண்ணி குடிச்சன்.

புதன்கிழமை தயாவுக்கு. நான் ஆலாத்தி எடுத்தன். ஆச்சிப்பிள்ளை என்ட கழுத்தைக் கிட்ட வந்து பார்த்தா, தாலி ஈரமோ எண்டு பார்க்கிற மாதிரி. பார்க்கட்டும். நான் அவவைப் பார்த்துக்கொண்டு நிண்டதில தட்டு சரிஞ்சு மஞ்சள் தண்ணி மாப்பிள்ளைட வேட்டியில ஊத்துப்பட்டுப் போச்சு. தயா சிரிச்சிட்டாள், கண்ணகை. தலையைக் குனிஞ்சுகொண்டு தோள் குலுங்கச் சிரிச்சாள்.

அண்டைக்குப் பொழுதுபட நாங்க ரெண்டு பேரும் பாயும் புத்தகப் பெட்டியும் தூக்கிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மண்சுவர், பத்து நாளில எழுப்பினது. நான் அழுவன் எண்டு நினைச்சன். அவர் பெட்டியை எங்க வைக்கிறது எண்டு நாலு தரம் இடம் மாத்தி, கடைசியில அதுக்கு மேலயே பாயை விரிச்சுப் படுத்துப் பார்த்தார். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்துபோச்சு. எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு. அதை உனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்றன். மூணு அறையில தனிய இருந்தவளுக்கு இது காணும்.

தம்பி மண்டபத்தில படுக்கிறான். வாக்குத் தவறல்ல. காலமை எழும்பித் தயாவுக்குத் தேத்தண்ணி வச்சிட்டுப் போறான். அவள் குடிக்கிறதில்ல, ஆனா ஊத்துறதும் இல்ல. நேத்துக் குடிச்சாள்.

ஒண்டு. அவள் நாளுக்கு ரெண்டு தரம் துறைக்குப் போய் நிக்கிறாள். அம்மாட்ட ஒருக்காப் போய்வரவேணும் எண்டு கேக்கிறாள். அடிச்சதுக்குப் பிறகு சரியாப் பறையாமலே வந்திட்டாளாம். உன்ட தவணைக்கு என்ன செய்யப் போறாய்? சமாளிக்கலாம் எண்டு எழுதினாயே, எப்பிடி? உடனே எழுது.

அக்கா

அம்பிளாந்துறை
02.05.1998

அன்பான அக்காவுக்கு,

உங்கட கடிதம் ரெண்டும் கிடைச்சது. ரெண்டாவதில தயா தன்ட கையால எழுதின துண்டும் இருந்தது. எல்லாத்தையும் வாசிச்சன், திருப்பியும் வாசிச்சன். பதில் போடாததுக்குக் காரணம் இருக்கு.

முந்தாநாள் வந்தாங்க. ஒரு மாதம் முடிஞ்சுதானே, மகளும் மருமகனும் எங்க எண்டு கேட்டாங்க. காய்ச்சல் எண்டன், சோதினை எண்டன், என்னென்னவோ சொன்னன். ஒருத்தன், தயாட வயசுதான் இருக்கும், கொப்பியைத் திறந்து அவட பேரை வெட்டினான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. மறுகா அதுக்குக் கீழ என்ட பேரை எழுதினான். கண்ணகை, முப்பத்தெட்டு வயசு. வயசு கூடத்தான், பரவாயில்ல, கைகால் சுகம்தானே அம்மா எண்டு மரியாதையாத்தான் கேட்டான். பங்கர் வெட்டுற இடத்தில சமையலாம். எவ்வளவு காலம் எண்டு சொல்லல்ல. உங்கட மச்சான் தான் வாறன் எண்டு கெஞ்சினார். கையெழுத்து வச்சவதான் வரணுமாம். திங்கக்கிழமை காலமை போகணும்.

எனக்குப் பயம்தான். ஆனா நீங்க நம்பமாட்டீங்க, இந்த ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டன், நாய் குரைச்சா எழும்பல்ல. இனி இந்த வீட்டில ஆரைத் தேடி வரப்போறாங்க?

அக்கா, தயாவுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சா அவள் வந்து நிப்பாள். சத்தியமா வந்து நிப்பாள். அம்மாவை விடுங்க, நான் வாறன் எண்டு சொல்லுவாள். அவட வயசு அப்பிடி. நீங்க பிடிச்சு வச்சாலும், தம்பி காலில விழுந்தாலும் நிக்கமாட்டாள்.

சுகமில்ல எண்டு சொல்லாதீங்க, பார்க்க வருவாள். வேலை எண்டும் சொல்லாதீங்க, உதவிக்கு வருவாள். அவள் எழுதின துண்டை நான் வாசிக்காமத் திருப்பி அனுப்பினதாச் சொல்லுங்க. இந்தக் கடிதத்துக்குள்ள அதை வச்சிருக்கிறன், பிரிச்சது தெரியாம ஒட்டியிருக்கிறன், அவட கையில குடுங்க. அம்மா இன்னும் கோவம், முகத்தில முழிக்கமாட்டாவாம் எண்டு சொல்லுங்க. கண்ணைப் பார்த்துச் சொல்லணும், உங்களுக்குப் பொய் சொல்ல வராது, பழகிக்கொண்டு சொல்லுங்க.

என்னைத் திட்டுவாள். திட்டட்டும். என்னில கோவமா இருந்தாளெண்டா அங்கயே இருந்து படிப்பாள்.

தங்கச்சி
கண்ணகை